பீப் போட்டால் பாட்டு சுத்தமாகிவிடுமா?

ராக் பாட்டில் கெட்ட வார்த்தை வரலாமா கூடாதா என்ற சண்டை ராக் கேட்பவர்களுக்குள்ளேயே ஓயாமல் நடக்கிறது. ஒரு பக்கம், "அருமையான கிதார், அருமையான குரல், நடுவுல எதுக்கு அந்த வார்த்தை, நாலு பேர் இருக்கிற இடத்துல போட முடியலையே" என்கிறவர்கள். இன்னொரு பக்கம், "ராக்குன்னாலே மீறல்தான், பிடிக்கலைன்னா போய் தாலாட்டு கேளு" என்கிறவர்கள். இரண்டையும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஏனென்றால் இரண்டு பேருமே பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. முதல் ஆள் தன் காதைப் பற்றிப் பேசுகிறார், இரண்டாவது ஆள் தன் வீரத்தைப் பற்றிப் பேசுகிறார்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டுக்குள் வந்துவிட்ட பிறகு அந்த வார்த்தையும் டிரம்ஸ் அடி மாதிரி ஒரு சத்தம்தான். அதை எடுத்துவிட்டுப் பாடிப் பாருங்கள். பாட்டு பொலபொலவென்று உதிர்ந்தால் அந்த வார்த்தைக்கு அங்கே வேலை இருக்கிறது. ஒன்றுமே ஆகவில்லை என்றால் அது சும்மா ஒட்டிக்கொண்டு வந்தது. அப்புறம், அது யார் மேல் போய் விழுகிறது என்று பாருங்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டு, எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பது கணக்குப்பிள்ளை வேலை.

ரேடியோஹெட்டின் 'கிரீப்' (1992) இதற்கு நல்ல சோதனைப் பாட்டு. அந்தக் குழுவே இரண்டு விதமாகவும் பதிவு செய்து வைத்திருக்கிறது. ஆல்பத்தில், தான் ஏங்கும் பெண் எவ்வளவு விசேஷமானவள் என்று சொல்லும் இடத்தில் எஃப் வார்த்தை, அதாவது 'எஃப்' எழுத்தில் ஆரம்பிக்கும் அந்த ஆங்கிலக் கெட்ட வார்த்தை, வருகிறது. ரேடியோவுக்குப் போன பதிவில் அதே இடத்தில் 'வெரி'. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 'வெரி' என்று பாடும்போது பாடகர் தாம் யார்க் ஒரு பெண்ணை மரியாதையாகப் பாராட்டுகிற நல்ல பையன் ஆகிவிடுகிறார். ஆல்பத்தில் இருப்பவன் வேறு ஆள். அவள் மேல் ஆசை, தன்னால் எட்ட முடியாது என்கிற எரிச்சல், அந்த எரிச்சலில் தன் மேலேயே வெறுப்பு, எல்லாம் அந்த ஒரு சொல்லில் கசிகிறது. அவளைத் திட்டவில்லை, பாராட்டத்தான் செய்கிறான், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பாராட்டுகிறான். அது முடிந்த கையோடு ஜானி கிரீன்வுட் கிதாரை 'க்ரக், க்ரக்' என்று அறைவது அந்த வார்த்தையின் தொடர்ச்சியாகவே எனக்குக் கேட்கிறது. 'வெரி' பதிவில் அதே கிதார் காரணமே இல்லாமல் கோபப்படுகிறது.

அப்படியானால் எழுதியது எழுதியபடியே இருக்க வேண்டுமா, தொடவே கூடாதா என்றால், அதுவும் இல்லை. நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் 1994இல் எழுதிய 'ஹர்ட்' பாட்டில், தலையில் மலத்தைக் கிரீடமாகச் சூடியிருப்பதாக ஒரு வரி வரும். 2002இல் ஜானி கேஷ் அதைப் பாடியபோது அந்தக் கிரீடத்தை முள்கிரீடமாக மாற்றினார். ஒரே ஒரு சொல். ரெஸ்னர் பாடும்போது தன்னைத்தானே அருவருக்கும் ஓர் இளைஞன் தெரிகிறான். கேஷ் பாடும்போது எழுபது வயதில், உடம்பு விட்டுப்போன நிலையில், பக்தியும் பாவமும் இரண்டுமே பழகிய ஒரு மனிதர் கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த வருடம் அவர் இறந்தும் போனார். கெட்ட வார்த்தை போய்விட்டதே என்று அந்தப் பாட்டைக் கேட்டு யாராவது குறைப்பட்டிருப்பார்களா, எனக்குத் தெரிந்து இல்லை. பாடுகிறவர் தனக்குப் பொருந்துகிற சொல்லைத் தேடிப் போட்டதற்கும், எவரோ ஒருவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அந்த அரை நொடியை ஊமையாக்கியதற்கும் உள்ள தூரம் அது.

அந்த ஊமையாக்கும் வேலை எவ்வளவு அபத்தமாகலாம் என்பதற்கு ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் 'கில்லிங் இன் த நேம்' போதும். 1992இல் வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் ராட்னி கிங் என்ற கறுப்பரைப் போலீஸ் அடித்த வீடியோ உலகம் முழுக்கப் பரவிய அடுத்த வருடம். நீ சொல்வதை நான் செய்ய மாட்டேன் என்ற அர்த்தத்தில், எஃப் வார்த்தையோடு சேர்ந்த ஒரே வரியைக் கடைசியில் 16 முறை திரும்பத் திரும்பச் சொல்வார்கள். தாழ்ந்த குரலில் ஆரம்பித்து, கிதாரும் டிரம்ஸும் ஏற ஏற, கடைசியில் தொண்டை கிழிகிற கத்தல். 1993இல் பிபிசி ரேடியோ 1 வெட்டாத பதிவைத் தவறுதலாகப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது. 2009இல் பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வாரத்து முதலிடம் வழக்கம்போல எக்ஸ் ஃபேக்டர் என்ற டிவி பாட்டுப் போட்டியின் வெற்றியாளருக்குப் போகக் கூடாது என்று மக்கள் ஒன்றுசேர்ந்து இந்தப் பழைய பாட்டை வாங்கித் தள்ளியபோது, பிபிசியின் இன்னொரு ரேடியோ நேரலையில் பாட அவர்களை அழைத்தது. அந்த வார்த்தை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நீ சொல்வதைச் செய்ய மாட்டேன் என்று பாடுகிறவர்களிடம்! முதலில் அடக்கித்தான் வாசித்தார்கள். அப்புறம் பாடகர் ஸாக் டி லா ரோச்சா முழுசாகவே பாட, ரேடியோக்காரர்கள் பதறி நிறுத்தினார்கள். அந்த வாரம் முதலிடமும் இவர்களுக்கே. இந்தப் பாட்டில் பீப் போட்டால் கேட்பது என்ன? 16 முறை ஒருவர் கீழ்ப்படிய மறுக்கிறார், 16 முறையும் கீழ்ப்படிகிறார்.

ஆனால் வேலையே இல்லாமல் வரும் வார்த்தைகளுக்கும் குறைவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2000 அக்டோபரில் ஒரு வார இடைவெளியில் இரண்டு ஆல்பங்கள் வந்தன. 17ஆம் தேதி லிம்ப் பிஸ்கிட்டின் ஆல்பம். அதன் 'ஹாட் டாக்' பாட்டில் எஃப் வார்த்தையை மாலை கட்டியிருப்பார்கள், போதாததற்கு இதுவரை எத்தனை ஆச்சு என்று பாட்டுக்குள்ளேயே எண்ணிச் சொல்வார்கள். கிண்டலுக்குத்தான் செய்தார்கள் என்று தெரியும், முதல் தடவை சிரிப்பும் வரும். பத்தாவது தடவை காதில் எதுவும் விழாது, மின்விசிறிச் சத்தம் ஆகிவிடும். 24ஆம் தேதி வந்தது லிங்கின் பார்க்கின் 'ஹைப்ரிட் தியரி'. முழு ஆல்பத்திலும் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. 'ஒன் ஸ்டெப் குளோசர்' பாட்டில் செஸ்டர் பெனிங்டன் உச்சக் கோபத்தில் கத்துவதே, நான் பேசும்போது வாயை மூடு என்பதுதான். பள்ளிக்கூட வாத்தியார் சொல்கிற வார்த்தை. அதைக் கேட்டு முதுகில் சிலிர்க்காதவர் யார்? அப்புறம் 2007இல், 'கிவன் அப்' பாட்டில், எனக்கு என்ன ஆச்சு என்று செஸ்டர் தன்னையே கேட்கும்போது முதன்முதலாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தபோது அது உண்மையாகவே அடித்தது. முதல் இரண்டு ஆல்பங்களில் சேர்த்து வைத்ததை எடுத்துச் செலவு செய்தார். கெட்ட வார்த்தை இல்லாமல் கோபத்தைக் காட்ட முடியாது என்கிறவர்களுக்கும், கெட்ட வார்த்தை வந்தால் தரம் போச்சு என்கிறவர்களுக்கும் ஒரே குழு இரண்டு பதிலையும் வைத்திருக்கிறது.

(நம்மைப் போல ஆங்கிலத்தைப் பிறகு கற்றவர்களுக்கு இந்த வார்த்தைகள் பாதிதான் உறைக்கும் என்பதும் ஒரு விஷயம். "இதுல என்ன இருக்கு" என்று தாராளமாகச் சொல்கிற நம்ம ஆட்கள், அதே அர்த்தம் தாய்மொழியில் காதில் விழுந்தால் எப்படித் துள்ளுவார்கள் என்று பார்க்க ஆசை.)

சரி, தடை செய்ய வந்தவர்கள் கதைக்கு வருவோம். அவர்கள் பாட்டைக் கேட்பதே இல்லை என்பதுதான் எனக்கு அவர்கள் மேல் உள்ள முதல் புகார். 1963இல் கிங்ஸ்மென் குழு பதிவு செய்த 'லூயி லூயி'யில் ஆபாசம் ஒளிந்திருக்கிறது என்று பெற்றோர்கள் புகார் எழுத, அமெரிக்காவின் எஃப்பிஐ அதை விசாரித்தது. நிஜமாகவே. இசைத்தட்டை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டிப் பார்த்துவிட்டு, எந்த வேகத்திலும் என்ன பாடுகிறார்கள் என்று புரியவில்லை என்று முடித்தார்கள். அது கடலோடி ஒருவன் தன் காதலியை நினைத்துப் பாடுகிற அப்பாவிப் பாட்டு.

1985இல் விஷயம் பெரிதானது. அமெரிக்க செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர், தன் மகளுக்கு வாங்கிய பாடகர் பிரின்ஸின் ஆல்பத்தில் 'டார்லிங் நிக்கி'யைக் கேட்டு அதிர்ந்து, மற்ற அரசியல் குடும்பத்துப் பெண்களோடு சேர்ந்து பிஎம்ஆர்சி என்ற அமைப்பை ஆரம்பித்தார். அவர்கள் போட்ட 15 அசிங்கமான பாட்டுப் பட்டியலில் ட்விஸ்டட் சிஸ்டரின் 'வீ ஆர் நாட் கோனா டேக் இட்' இருந்தது. வன்முறையாம். அந்தப் பாட்டில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, இனி பொறுக்க மாட்டோம் என்பதைத் தாண்டி அதில் எதுவும் இல்லை. அந்த வருடம் செப்டம்பர் 19 அன்று செனட் விசாரணைக்கு அந்தக் குழுவின் பாடகர் டீ ஸ்னைடர் ஜீன்ஸும் சடை முடியுமாகப் போய் உட்கார்ந்து, டிப்பர் கோர் வன்முறைக் காமம் என்று சொன்ன 'அண்டர் த பிளேடு' பாட்டு உண்மையில் எங்கள் கிதாரிஸ்டின் தொண்டை அறுவைச் சிகிச்சையைப் பற்றியது என்று விளக்கினார். ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பா வந்து அவர்களைக் கிழித்தார். ராக்குக்கே சம்பந்தமில்லாத சாது, ஜான் டென்வர், அவரும் வந்து தணிக்கை வேண்டாம் என்றார். அவருடைய மலைப் பாட்டில் உயரம் என்ற அர்த்தத்தில் 'ஹை' என்று வந்ததைப் போதை என்று நினைத்துச் சில ரேடியோக்கள் தடை செய்த அனுபவம் அவருக்கு இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு வந்ததுதான் அந்தக் கறுப்பு வெள்ளை எச்சரிக்கை ஸ்டிக்கர். 1990இல் எல்லோருக்கும் பொதுவான ஒரே வடிவம் ஆனது. ஸ்டிக்கர் இருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு, இப்போது ஸ்ட்ரீமிங்கில் பாட்டுப் பெயர் பக்கத்தில் வரும் குட்டி 'E' எழுத்து அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. பிரச்சினை, ஸ்டிக்கரைப் பார்த்துப் பெரிய கடைகள் ஆல்பத்தை அடுக்க மறுத்தபோது வந்தது. வால்மார்ட்டும் கேமார்ட்டும் நிர்வாணா குழுவின் 'இன் யூட்டரோ' ஆல்பத்தையும் அடுக்கவில்லை. 1994இல் அவர்களுக்காக வந்த பதிப்பில், பின் அட்டையில் 'ரேப் மீ' என்ற பெயரை 'வேஃப் மீ' என்று மாற்றினார்கள். பலாத்காரத்துக்கு எதிரான பாட்டு அது, எழுதிப் பாடிய கர்ட் கோபேனே பல முறை சொல்லியிருக்கிறார். கத்தரிக்கோலுக்கு எதிரானது ஆதரவானது என்றெல்லாம் தெரியாது, எழுத்துதான் தெரியும். இதே காலத்தில், பிரிந்துபோனவள் விடுகிற ஒவ்வொரு மூச்சையும் உளவு பார்ப்பேன் என்று பாடும், 'த போலீஸ்' என்ற ராக் குழுவின் 1983 பாட்டு 'எவ்ரி பிரெத் யூ டேக்', எந்த ஸ்டிக்கரும் இல்லாமல் கல்யாண வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. சுத்தமான வார்த்தைகள், பயங்கரமான மனுஷன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு "அப்போ எது வேணா பாடலாமா" என்று கேட்டால், இல்லை. ஆத்திரத்தில் வானத்தைப் பார்த்துத் திட்டுவது வேறு, ஒரு கூட்டத்தை அதன் பிறப்பையோ இயல்பையோ வைத்து இழிவு செய்கிற சொல் வேறு. கன்ஸ் அன் ரோசஸின் 'ஒன் இன் எ மில்லியன்' (1988) பாட்டில் கறுப்பர்கள், ஒருபாலின ஈர்ப்பாளர்கள், குடியேறியவர்கள் எல்லோருக்கும் விழுகிறது. அங்கே வார்த்தையை எடுத்துப் பார்க்கும் சோதனைகூடத் தேவையில்லை, வரி முழுக்கவே அந்த நோக்கம்தான். 2018இல் தங்கள் முதல் ஆல்பத்தை அந்தக் காலத்துப் பாட்டுகளோடு பெரிய பெட்டியாக மறுபடி வெளியிட்டபோது குழுவே அந்தப் பாட்டைச் சேர்க்கவில்லை. டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'மணி ஃபார் நத்திங்' இதைவிடச் சிக்கலானது. அதில் ஒருபாலின ஈர்ப்பாளர்களை இழிவு செய்யும் வசைச் சொல்லைச் சொல்வது, டிவியில் பாட்டுக்காரர்களைப் பார்த்து வயிறெரியும் ஒரு கடைத் தொழிலாளி. பாட்டு அவனைத்தான் கிண்டல் செய்கிறது. 2011 ஜனவரியில் கனடாவின் ஒலிபரப்புத் தர மன்றம் வெட்டாத பதிவு ரேடியோவுக்குத் தகாது என்றது, எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதே வருடம் முடிவை அந்தந்த நிலையங்களுக்கே விட்டுவிட்டது. கதாபாத்திரம் பேசுகிறது என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தச் சொல்லால் வாழ்நாள் முழுக்க அடிபட்ட ஒருவர் அந்தச் சரணம் வரும்போது ரேடியோவை அணைத்தால், அவருக்கு நகைச்சுவை புரியவில்லை என்று பாடம் எடுக்க நான் தயாரில்லை.

பாரமோர் குழுவின் பாடகி ஹேலி வில்லியம்ஸ் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. 2007இல் வந்த 'மிசரி பிசினஸ்' பாட்டை அவர் எழுதியபோது பதின்வயது, அதில் போட்டிக்காரப் பெண்ணை ஒரு அசிங்கமான சொல்லால் திட்டுவார். யாரும் தடை செய்யவில்லை, ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லவில்லை. அவர்களுடைய மிகப் பெரிய பாட்டுகளில் ஒன்று அது. 2018இல் இனி இதை மேடையில் பாடப்போவதில்லை என்று அவரே நிறுத்தினார். 2022இல் திரும்பப் பாட ஆரம்பித்தார். நிறுத்தியதும் அவர் இஷ்டம், திரும்ப எடுத்ததும் அவர் இஷ்டம். அந்த வரி இப்போதும் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. அந்தக் கிதார் ரிஃப் வந்தால் வால்யூமைக் கூட்டவும் செய்கிறேன்.