தலைப்பை மாற்றியதோடு கணக்குத் தீர்ந்துவிட்டதா?

ஹாஃப் பேக்ட் ஹார்வெஸ்ட் விவகாரத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நம் ஆட்கள் பாதிப்பேர் சொல்வது ஒன்றுதான்: ஒரு சூப்புக்குப் பெயர் மாற்றி வைத்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, வேறு வேலை இல்லையா இவர்களுக்கு. எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அந்த விவகாரத்தில் கோபப்பட்ட வியட்நாம்காரர்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். அதேபோல அது முடிந்த விதமும் சரியில்லை என்று நினைக்கிறேன். இரண்டையும் எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டீகன் ஜெரார்ட் என்பவர் அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் இருந்துகொண்டு 2012இலிருந்து ஹாஃப் பேக்ட் ஹார்வெஸ்ட் என்ற பெயரில் சமையல் குறிப்புகள் எழுதி வருகிறார். இன்ஸ்டாகிராமில் 50 லட்சம் பேருக்கு மேல் பின்தொடர்கிறார்கள், புத்தகங்கள் விற்பனைப் பட்டியலில் மேலே நிற்கின்றன. அமெரிக்க வீடுகளில் இன்று இரவு என்ன சமைப்பது என்பதைத் தீர்மானிக்கிற ஆட்களில் ஒருவர் என்று சொன்னால் மிகையில்லை. 2021 பிப்ரவரியில் அவர் வாரநாளில் சட்டென்று செய்யக்கூடிய இஞ்சி 'ஃபோ கா' என்று ஒரு குறிப்பைப் போட்டார். ஃபோ என்பது வியட்நாமின் நூடுல்ஸ் சூப், ஃபோ கா என்றால் கோழி ஃபோ. குறிப்பைப் படித்த வியட்நாம் வம்சாவளியினர் இது ஃபோவே இல்லை, ஃபோவின் பக்கத்தில்கூட வராது என்றார்கள். எதிர்ப்பு பெருகிய பிறகு அவர் தலைப்பை மாற்றினார். எள்ளுக் கோழியும் நூடுல்ஸும் போட்ட காரமான சூப் என்கிற மாதிரி ஒரு தலைப்பு வந்தது. யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை, இனிமேல் பெயர் வைக்கும்போது இன்னும் தேடிப் படித்துவிட்டு வைக்கிறேன் என்று மன்னிப்பும் கேட்டார்.

ஃபோ சாப்பிட்டிருக்கிறவர்களுக்கு அந்தக் கோபம் உடனே புரியும். நான் கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறேன், ஸ்டோரி ரோடு பக்கம் போனால் தெருவுக்குத் தெரு வியட்நாம் கடைகள்தான். காலையில் கடை திறக்கும் நேரத்தில் போனால் வாசலிலேயே நட்சத்திர சோம்பும் சுட்ட இஞ்சியும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். இஞ்சியையும் வெங்காயத்தையும் தோலோடு நெருப்பில் வாட்டி, மேலே கரியாகும் வரை சுட்டு, அந்தக் கருந்தோலைச் சுரண்டிவிட்டுத்தான் பானையில் போடுவார்கள். அந்தக் கருகலில்தான் சாற்றுக்கு ஒரு மெல்லிய இனிப்பு வருகிறது. கோழியை எலும்போடு போட்டுச் சிறு தீயில் வைத்து, மேலே வரும் நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் சாறு கலங்கிவிடும். மல்லி விதை, நட்சத்திர சோம்பு போன்றவற்றை வெறும் சட்டியில் வறுத்துச் சேர்ப்பார்கள். கடைசியில் மீன் சாஸ். இவ்வளவு மெனக்கெட்டு வருகிற அந்தத் தெளிவான சாறுதான் ஃபோ. கிண்ணத்தின் அடி தெரிய வேண்டும். அரிசி நூடுல்ஸும் கறியும் அதற்கு அடுத்துதான். அந்தத் தெளிவையே விட்டுவிட்டு எள்ளும் காரமும் இனிப்பும் தூக்கலாகப் போட்ட ஒன்றுக்கு அந்தப் பெயர் வைப்பது, தேங்காய்ப்பாலில் வேர்க்கடலை வெண்ணெயைக் கரைத்து மிளகு ரசம் என்று நம்மிடம் நீட்டுவது போன்றது. குடிக்க நன்றாகவே இருக்கலாம், அது வேறு விஷயம்.

"அப்படியென்றால் பாட்டி செய்த மாதிரியேதான் செய்ய வேண்டுமா, அவசரத்துக்கு எதுவும் செய்யக்கூடாதா" என்று கேட்பார்கள். யார் அப்படிச் சொன்னது? வியட்நாமில் பிறந்து, 1975இல் குழந்தையாகக் கலிஃபோர்னியாவுக்கு வந்த ஆண்ட்ரியா நுயென் 2017இல் ஃபோவுக்கென்றே ஒரு சமையல் புத்தகம் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அதில் கடையில் வாங்கிய கோழிச் சாற்றை வைத்துக்கொண்டு இஞ்சி, வெங்காயத்தாள், மல்லி விதை, கிராம்பு சேர்த்துச் சீக்கிரமாக முடிக்கிற கோழி ஃபோவே இருக்கிறது. அவசரத்துக்குச் செய்தாலும் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்து செய்த குறுக்குவழி அது. டீகன் ஜெரார்ட் தன் குறிப்பைப் போடுவதற்கு நான்கு வருடம் முன்பே வந்த புத்தகம். ஹனோய்க்கு விமானம் ஏற வேண்டியதில்லை, ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து படித்திருந்தால் போதும். சமையல் குறிப்பு எழுதுவதே தொழில் என்று இருக்கிறவர், அதில் கோடிக்கணக்கில் வியாபாரம் நடத்துகிறவர், அந்த ஒரு மாலைப்பொழுதைச் செலவழிக்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். தெரியாமல் செய்வது தப்பில்லை. தெரிந்துகொள்ள எல்லா வசதியும் இருந்தும் தேவையில்லை என்று நினைத்தது தப்பு.

காலத்தையும் பார்க்க வேண்டும். 2021 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆசிய முகம் கொண்டவர்கள் தெருவில் நடக்கவே பயந்தார்கள். கொரோனாவைக் கொண்டுவந்தவர்கள் என்று சொல்லி அடித்தார்கள், துப்பினார்கள். ஜனவரி இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் காலை நடை போன 84 வயது தாய்லாந்துப் பெரியவர் ஒருவரைத் தள்ளிவிட்டதில் அவர் இறந்தே போனார். மார்ச் 16ஆம் தேதி அட்லாண்டா பகுதியில் மசாஜ் நிலையங்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் எட்டுப் பேர் செத்தார்கள், அவர்களில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். இதற்கு நடுவில்தான் ஃபோ விவகாரம் வந்தது. எங்கள் முகம் வேண்டாம், எங்கள் கிண்ணம் மட்டும் வேண்டும், அதையும் எங்களைக் கேட்காமல் உங்கள் இஷ்டத்துக்கு மாற்றிவைப்பீர்களா என்ற வேதனை அந்தக் கோபத்துக்குள் இருந்தது. அதைப் பெயர்ச் சண்டை என்று சுருக்கிப் பார்ப்பது அநியாயம்.

அது முதல் தடவையும் இல்லை. 2016இல் ஒரு பெரிய அமெரிக்க உணவுப் பத்திரிகை, ஃபோவை இப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரச் சமையல்காரரை வைத்து வீடியோ போட்டது. எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டது. இத்தனைக்கும் ஃபோ ஒன்றும் மாறாத பண்டம் கிடையாது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஹனோய், நாம் தின் பக்கம் உருவானது. 1954இல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து தெற்கே போன லட்சக்கணக்கான மக்களோடு சைகோனுக்குப் போய், அங்கே முளைப்பயறும் துளசி வகையும் சாஸும் சேர்ந்து வேறு முகம் கொண்டது. 1975க்குப் பிறகு அகதிகளோடு கப்பலேறிக் கலிஃபோர்னியா, டெக்சாஸ் என்று வந்து சேர்ந்தது. மாற்றியவர்கள் யார் என்று பாருங்கள். ஊரை விட்டு ஓடிவந்தவர்கள், கையில் கிடைத்ததை வைத்து மாற்றினார்கள். அந்த மாற்றத்தையும் கொலராடோ மாற்றத்தையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

இப்போது மன்னிப்புக்கு வருகிறேன், என் மனக்குறையே அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் தலைப்பை மாற்றிவிட்டாரே, அப்புறம் என்ன என்றார்கள். மாற்றப்பட்ட தலைப்பை ஒரு தடவை படித்துப் பாருங்கள். எள்ளு, கோழி, நூடுல்ஸ், காரம், சாறு. வியட்நாம் எங்கே? முன்னால் தப்பான பெயரில் அந்த நாட்டைச் சொன்னார், பின்னால் அதையும் எடுத்துவிட்டார். குறிப்பு அப்படியே அவருடையதாக நின்றுவிட்டது, அதற்கு வருகிற பார்வையாளர்களும் விளம்பரக் காசும் அவருக்குத்தான். புதிதாகப் படிக்கிற ஒருவர் தலைப்பைப் பார்த்து, இந்த அம்மாவுக்கு எப்படித்தான் இதெல்லாம் தோன்றுகிறதோ என்று வியந்துவிட்டுப் போகலாம். எதிர்த்தவர்கள் கேட்டது இதை அல்ல. எங்கள் சாப்பாட்டைக் கற்றுக்கொண்டு எழுது, எங்கே கற்றாய் என்று சொல் என்றுதான் கேட்டார்கள். கிடைத்தது ஒரு புதுத் தலைப்பு. குற்றச்சாட்டிலிருந்து தப்பிக்க அது உதவியது, வேறு யாருக்கும் உதவவில்லை.

அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் அலிசன் ரோமன் விஷயத்தில் தொடக்கத்திலேயே இந்தப் பெயரில்லாத வழிதான். 2018இல் நியூயார்க் டைம்ஸில் அவர் போட்ட கொண்டைக்கடலை ஸ்டூ இணையத்தையே கலக்கியது. வெங்காயம், பூண்டு, இஞ்சி வதக்கி, மஞ்சள்தூளும் கொண்டைக்கடலையும் சேர்த்து, தேங்காய்ப்பால் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கீரை போடுவது. மேலே புதினா, தயிர். இதைப் படிக்கிற எந்தத் தமிழருக்கும் மனதில் என்ன வரும்? யாழ்ப்பாணத்துச் சொதி வரும், ஏதாவதொரு தேங்காய்ப்பால் கறி வரும். இது கறி இல்லை என்று அவர் பேட்டியில் சொன்னார். கரீபியத் தீவுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இதே சேர்க்கை உண்டு, அதனால் நமக்கு மட்டுமே சொந்தம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கேயும் இல்லாத ஒன்றாக, ஸ்டூ என்ற பொதுப்பெயரில் அது உலகம் சுற்றியது. ஃபோ என்று தப்பாகப் பெயர் வைத்தால் சண்டை வருகிறது, பெயரே வைக்காவிட்டால் பாராட்டு வருகிறது என்றால், அடுத்து வருகிற பிளாகர்கள் எந்த வழியைப் பிடிப்பார்கள்?

சரி, டீகன் ஜெரார்டாவது கற்றுக்கொண்டாரா? 2023இல் பான் மி சோற்றுக் கிண்ணம் என்று ஒன்று போட்டார். பான் மி என்பது ரொட்டி. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த நீள ரொட்டியை வியட்நாம்காரர்கள் தங்களுடையதாக்கி, உள்ளே கறியும் ஊறவைத்த கேரட், முள்ளங்கியும் கொத்தமல்லியும் மிளகாயும் வைத்துக் கொடுப்பது. அதில் ரொட்டியை எடுத்துவிட்டுச் சோற்றை வைத்தார். மறுபடியும் அதே ஆட்கள், அதே கேள்வி. எனக்கு வருத்தம் என்னவென்றால், சோறு வேண்டுமென்றால் வியட்நாமில் அருமையான சோறு இருக்கிறது. காம் டாம் என்று நொய்யரிசிச் சோறு, மேலே சுட்ட பன்றிக்கறி, பக்கத்தில் அதே ஊறுகாய்க் காய்கள், ஊற்றிக்கொள்ள மீன் சாஸ். நம் ஊரில் நொய்க்கஞ்சி மாதிரி ஒரு காலத்தில் ஏழைகளின் அரிசியாக இருந்து, இன்று சைகோனின் அடையாளமாக இருக்கிற சாப்பாடு. அதைத் தேடிப் போய்ப் பார்த்திருந்தால் அவருடைய 50 லட்சம் பேருக்கும் புதிதாக ஒன்று கிடைத்திருக்கும். ஸ்டோரி ரோடு கடைக்காரருக்கும் நாலு வாடிக்கையாளர் கூடியிருப்பார்கள்.

நாமும்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறோம், கோபி மஞ்சூரியனுக்கு என்ன சொல்கிறாய் என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. சிக்கன் மஞ்சூரியனை 1975 வாக்கில் மும்பையில் உருவாக்கியவராகச் சொல்லப்படுகிற நெல்சன் வாங் கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிக்காரர். தன் சமையலைத் தான் வாழ்கிற ஊருக்கு ஏற்ப மாற்றியவர். அந்த வரலாற்றை நாமும் சொல்வதில்லை என்பது உண்மை, சொல்ல வேண்டும். ஆனால் மதுரை ரோட்டோரக் கடைக்காரர் இது மஞ்சூரியாவின் அசல் சமையல் என்று உலகத்துக்குப் பாடம் எடுக்கவில்லை. அவருக்குப் புத்தக ஒப்பந்தமும் இல்லை.

எதிர்ப்பிலும் எனக்குச் சகிக்காத ஒரு பகுதி உண்டு. ஃபோவில் தொடங்கிய பேச்சு கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றிய பேச்சாக மாறியது. ஏன் இவ்வளவு ஒல்லி, சாப்பிடுகிறாரா இல்லையா, நோயா என்று முன்பின் தெரியாதவர்கள் வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். இதில் ஈடுபட்டவர்கள் யாரும் வியட்நாம் சமையலுக்காகப் பேசவில்லை. ஒரு பெண்ணைக் கடித்துக் குதற ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கிடைத்தது. அப்படிப் பேசியவர்களால் நியாயமான கேள்வி கேட்டவர்களின் குரலும் சேர்ந்து கெட்டது, மொத்தமாக எல்லோரையும் பொறாமைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடச் சுலபமாகிவிட்டது.

அப்புறம் நம் ஆட்களிடம் ஒரு கேள்வி. அதே 2021 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் பத்தி எழுத்தாளர் ஒருவர் இந்தியச் சமையல் மொத்தமும் ஒரே ஒரு மசாலாவில் நிற்கிறது என்று எழுதினார். சமையல் நிகழ்ச்சித் தொகுப்பாளர் பத்மா லட்சுமி முதற்கொண்டு எல்லோரும் கொதித்தார்கள், பத்திரிகை திருத்தம் வெளியிட்டது. நானும் கொதித்தேன். ஆறு மாதம் முன்பு வியட்நாம்காரர்களைப் பார்த்து வேறு வேலை இல்லையா என்று கேட்ட என் நண்பர்களே அன்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். நம் வீட்டுச் சாப்பாடு என்றால் பண்பாடு, பக்கத்து வீட்டுச் சாப்பாடு என்றால் சின்ன விஷயமா?

நம் யூடியூப் சமையல் சேனல்களிலும் இது தினமும் நடக்கிறது. கலர்ப்பொடி போட்டுச் சிவக்கவைத்த எதையும் செட்டிநாடு என்கிறார்கள். கல்பாசியோ மராட்டி மொக்கோ கண்ணில் படாது. இன்னொரு பக்கம், ஒரு கிராமத்து அம்மாவிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்து, வீடியோவில் அந்த அம்மாவின் பெயரையும் ஊரையும் சொல்லாமல் எங்கள் வீட்டு ஸ்பெஷல் என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். டீகன் ஜெரார்டிடம் கேட்ட அதே கேள்வியை இவர்களிடமும் கேட்கப்போகிறேன். யாரிடம் கற்றீர்கள், அவர் எந்த ஊர், ஏன் சொல்லவில்லை? வீடியோ பார்க்கிற நீங்களும் கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். பதில் சொல்லி வீடியோவின் கீழே அந்தப் பெயரைச் சேர்க்கிற சேனல்களை இங்கே நான் பகிர்கிறேன்.