கமரா எங்கட பக்கமும் வரவேணும்

விழித்திரைப் படத்தைப் பார்த்து வயசாளியளுக்கு வாற மக்குலா நோயை (விழித்திரையின்ர நடுப்பகுதி பழுதாகிறதை) ஏஐ கண்டுபிடிக்கும் எண்டு உங்கட கட்டுரையில எழுதியிருக்கிறியள், வாசிக்கச் சந்தோசம். எங்கட அம்மம்மாவுக்குக் கதவு நிலை வளைஞ்சு தெரியும், முன்னால நிக்கிற ஆளின்ர முகத்தில நடுப்பக்கம் மட்டும் புகையாக் கிடக்கும், ஓரத்தால எல்லாம் வடிவாத் தெரியும். முல்லைத்தீவுப் பக்கம் இப்பிடிச் சொன்னா உடன வெண்புரை எண்டுதான் சொல்லுவினம், ஆனா இது மக்குலா நோய், வெண்புரை ஒப்பரேசனால மாறும், இது மாறாது. ஈரவகை (விழித்திரைக்குக் கீழ இரத்தக் குழாய் கசியிற வகை) எண்டா கண்ணுக்குள்ள ஊசி போட்டு மிச்சப் பார்வையைக் காப்பாத்தலாம், அதுவும் நேரத்தோட போட்டாத்தான்.

2018இல லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரியும் கூகிளின்ர ஏஐ கம்பனி டீப்மைண்டும் செய்த ஆய்வில ஆரை அவசரமா அனுப்பவேணும் எண்டதை ஏஐ பெரிய நிபுணர்மார் அளவுக்குச் சொன்னது, ஆனா அது ஓசிடி ஸ்கானை (விழித்திரையின்ர அடுக்குகளை ஒளியால படம் எடுக்கிறதை) வைச்சு, அந்த மெசின் விலை சரியான கூட. சாதாரண விழித்திரைக் கமரா எண்டா பழக்கின நேர்ஸ் ஒராளே படம் எடுக்கலாம், இந்த நோயின்ர அடையாளமான மஞ்சள் புள்ளியள் அதிலயே தெரியும். வெண்புரை முத்தின கண்ணில படம் மங்கலாத்தான் வரும், அப்பிடியான ஆக்களையும் "நோய் இல்லை" எண்டு வீட்ட அனுப்பாமல் டொக்டரிட்ட அனுப்பவேணும். மற்றது, நோய் இருக்கு எண்டு மெசின் சொன்னா அண்டைக்கே எந்தக் கிளினிக், எந்தத் திகதி எண்டு துண்டு எழுதிக் கையில குடுங்கோ, இஞ்சயிருந்து யாழ்ப்பாணம் பஸ் ஏறிப் போய்த்தான் வயசுபோனதுகள் டொக்டரைப் பாக்குதுகள்.