பால் வருதான்னு கேட்டீங்க, சரி

போன வாரம் சித்தி பொண்ணோட குழந்தையப் பார்க்கப் போனேன். ஒரு மணி நேரத்துல நாலு பேர் வந்தாங்க, நாலு பேரும் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், பால் வருதா? பூண்டு சாப்பிடு, சுறாப்புட்டு சாப்பிடு. அவ தலையாட்டிக்கிட்டே இருந்தா. அந்தத் தலையாட்டல் எனக்கு நல்லாவே தெரியும்.

என் மூத்தவன் ராத்திரி மூணு மணிக்கு அழுவான், நான் தூக்குனா நிறுத்த மாட்டான், எங்கம்மா தோள்ல போட்டா அஞ்சு நிமிஷத்துல கம்முனு ஆயிடுவான். நடந்தது அவ்ளோதாங்க. ஆனா என் மண்டையில ஓடுனது என்னன்னா இவனுக்கு என்னைப் பிடிக்கல, நான் அம்மாவா இருக்கவே லாயக்கில்ல, நான் இல்லாட்டியும் இவனை அம்மா வளர்த்துருவாங்க. மூணே தாவல்ல எங்க போய் நின்னுட்டேன் பாருங்க! அம்மாவோடது மூணு புள்ளை வளர்த்த கை, எனக்கு பதினேழு நாள் சர்வீஸ்ங்கறது அப்ப உறைக்கவே இல்ல.

பிரசவம் ஆன மூணு நாலு நாள்ல சும்மா சும்மா அழுகை வரும், ஹார்மோன் சட்டுனு இறங்குறதும் ஒரு காரணம், ரெண்டு வாரத்துல அடங்கிடும். அடங்கலன்னா அது டிப்ரஷனான்னு பார்க்கணும். அதுக்கு 1987ல வந்த எடின்பரோ ஸ்கேல்னு 10 கேள்வி ஃபார்ம் ஒண்ணு இருக்கு. 3வது கேள்வியே தேவையில்லாம உங்களையே குறை சொல்லிக்கிட்டீங்களாங்கறதுதான். எனக்கு யாரும் அதைத் தரல. செக்கப்புக்குப் போனா குழந்தை வெயிட்டு, தையல், பிபி, கிளம்புங்க.

மாத்திரை தேவைப்பட்டா போடுங்க, அதுல ஒரு வெட்கமும் இல்ல. ஆனா பேச்சும் வேலை செய்யுது. பாகிஸ்தான்ல ராவல்பிண்டி பக்கத்து கிராமங்கள்ல, நம்மூர் நர்ஸம்மா மாதிரி சுகாதாரப் பணியாளர் பொண்ணுங்க வீடு வீடாப் போய், டிப்ரஷன்ல இருந்த கர்ப்பிணிங்ககிட்ட பேசுனாங்க, பிரசவத்துக்கு அப்புறமும் விடாம பேசுனாங்க. தப்பா ஓடுற எண்ணத்தைப் பிடி, வேற மாதிரி யோசி, செஞ்சு பாரு, இவ்ளோதான் பாடம். குழந்தைக்கு ஆறு மாசம் ஆனப்போ பார்த்தா இவங்கள்ல 23% பேருக்குத்தான் டிப்ரஷன், சும்மா வந்து பார்த்துட்டு மட்டும் போன வீடுகள்ல 53%. 2008லயே லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துருச்சு, நாம இன்னும் பூண்டுலயே நிக்கிறோம். (பூண்டு மேல கோவம் இல்ல.)

செத்துடலாம், குழந்தையை ஏதாவது பண்ணிடுவேன்னு தோணுச்சுன்னா காத்திருக்காதீங்க, உடனே டாக்டர்கிட்ட போங்க, பக்கத்துல ஆள் இருக்கட்டும். 14416க்கும் கூப்பிடலாம், டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் போனதும் சித்தி பொண்ணுகிட்ட, நைட்டு தூங்குனியாடின்னு கேட்டேன். "அக்கா, இவ என் மூஞ்சியவே பார்க்க மாட்டேங்கறா"ன்னா. பொறந்து இருபது நாள்தான்டி ஆகுது, அவளுக்கு இன்னும் கண்ணே நேரா நிக்கலன்னேன். சிரிச்சா, அப்புறம் அழுதுட்டா. குழந்தைய நான் வாங்கிக்கிட்டேன், அவ ரெண்டு மணி நேரம் தூங்குனா.