சிக்கனம் தெரியாததா காரணம்?

பெருநகரத்துக்கு வேலை தேடி வரும் படித்த பிள்ளைகள் கையில் காசு நிற்காமல் திண்டாடுவதற்குச் சிக்கனம் தெரியாததே காரணம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு ஒப்பவில்லை. செலவைக் குறைக்கலாம், சரி. ஆனால் முதல் சம்பளம் வருமுன்பே வாடகை முன்பணம், அப்புறம் கல்விக்கடன் தவணை, வீட்டுக்கு அனுப்பும் தொகை என்று மூன்று பக்கமும் இழுத்தால் எதைச் சேமிப்பது?

வேலையும் பெரும்பாலும் ஒப்பந்த வேலை; புதுப்பிப்பார்களா என்பது கடைசி மாதம் வரை தெரியாது. உள்ளூர்க்காரருக்கு வேலை போனால் படுக்க அப்பா வீடாவது இருக்கும். வெளியூரிலிருந்து வந்தவருக்கு வேலையோடு இருப்பிடமும் ஆட்டம் காணும். அதனால்தான் படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையைக்கூட விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். சம்பளம் உயர்த்திக் கேட்கும் தெம்பு எங்கிருந்து வரும்?

சீனாவில் 1999 முதல் பல்கலைக்கழகச் சேர்க்கை வேகமாகப் பெருகியது. பத்தே ஆண்டுகளில், பெய்ஜிங்கின் ஓரங்களில் ஒரே அறையில் நெருக்கியடித்து வாழ்ந்த பட்டதாரிகளுக்கு 'எறும்புக் கூட்டம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர்கள் அத்தனை பேரும் ஊதாரிகளா என்ன?

வீட்டிலிருந்து போன் வந்தால் மட்டும் எல்லாரும் 'நல்லா இருக்கேன்' என்றுதான் சொல்வார்கள்.