சிக்கரியைக் கூட்டும் முன் அரைக்கும் பதத்தைச் சொல்லுங்கள்

காபிப்பொடி கடையில் கொஞ்ச நேரம் நின்றால் தெரியும். கொட்டை வகை பீபெரியா பிளாண்டேஷனா, சிக்கரி எத்தனை, கால் கிலோவா அரைக் கிலோவா என்று பேச்சு ஓடும். எந்தப் பதத்தில் அரைக்கணும் என்று கடைக்காரரும் பெரும்பாலும் கேட்பதில்லை, வாங்குகிறவரும் சொல்வதில்லை. பாக்கெட்டில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டே ஆக வேண்டும், காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றெல்லாம் சட்டம் இருக்கிறது. பதத்தைப் பற்றி அனேகமாக ஒரு வரி இருக்காது. டிகாக்‌ஷனின் தலையெழுத்தில் பாதி அந்தப் பதத்தில்தான் இருக்கிறது என்பேன்.

நம் பில்டரில் தண்ணீரைத் தள்ளிவிட எதுவும் கிடையாது. தன் எடையிலேயே பொடிக்குள் இறங்கிச் சொட்ட வேண்டும். பொடி கொரகொரப்பாக இருந்தால் வெந்நீர் மடமடவென்று கீழே வந்துவிடும், டிகாக்‌ஷன் நீர்த்துப்போகும். மாவாக அரைத்திருந்தால் துளை அடைத்துக்கொள்ளும். பால் பொங்கி இறக்கியாகிவிட்டது, மேல் பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நிற்கிறது. பில்டரைத் தட்டுவதும் கரண்டியால் கிளறுவதும் அப்போதுதான். (பொடியின் மேல் வைக்கும் அமுக்கியை ரொம்ப அழுத்தினாலும் இதே கதைதான், அதை முதலில் பாருங்கள்.)

எஸ்பிரஸோ இயந்திரத்துக்கு நைஸ் பொடி சரிப்பட்டு வருவது 9 பார் அழுத்தத்தால். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பிரெஞ்ச் பிரஸ்ஸில் பொடி நாலு நிமிடம் தண்ணீரிலேயே ஊறுகிறது, அதற்கு ரவைப் பதம் வேண்டும். நைஸாகப் போட்டால் கசப்பு ஏறும், வலையைத் தாண்டி வண்டலும் வரும். பில்டருக்கு இரண்டுக்கும் நடுவே, நைஸ் பக்கம் சாய்ந்த பதம். விரலிடுக்கில் தேய்த்தால் லேசாக நறநறக்க வேண்டும்.

சிக்கரி தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொண்டு, சொட்டும் வேகத்தைக் குறைக்கும். அதனால் 30 சதவீதம் சிக்கரி சேர்ந்த பொடியைவிட சுத்த காபியை இன்னும் ஒரு படி நைஸாக அரைக்க வேண்டும். யாரும் அப்படிக் கேட்டு வாங்குவதில்லை. கள்ளிச்சொட்டாக இறங்கவில்லையா, அடுத்த மாதம் சிக்கரியைக் கூட்டு, அவ்வளவுதான். எனக்கு வருத்தமே இதில்தான். பீபெரிக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்கி, அதன் மணத்தை நாமே மூடி மறைக்கிறோம்.

அடுத்த முறை நூறு கிராம் மட்டும் வாங்குங்கள். ‘பில்டருக்கு, சுத்த காபி, கொஞ்சம் நைஸா’ என்று சொல்லி அரைக்கச் சொல்லுங்கள். கால் மணி, இருபது நிமிடத்தில் சொட்டி முடிந்தால் பதம் சரி. பத்து நிமிடத்துக்குள் இறங்கிவிட்டால் இன்னும் நைஸாக, அரை மணி தாண்டியும் நின்றால் சற்றுப் பெரிதாகக் கேளுங்கள். அதற்கப்புறமும் சிக்கரி வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.