அப்பாவின் நீல நோட்டும் தங்ளின் ஹால்ட் ஆர்.சி.யும்

போன வாரம் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் நோட்டு ஒன்று கையில் கிடைத்தது. நீல அட்டை, முதுகில் கறுப்புத் துணி ஒட்டிய தடி நோட்டு. 1984 முதல் 1986 வரை சிங்கப்பூரில் எங்கள் வட்டாரமான தங்ளின் ஹால்ட்டின் ஆர்.சி. கூட்டங்களில் அவர் எழுதிய குறிப்புகள். அன்றிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. என்று நாம் சொல்லும் வசிப்போர் குழு, அதாவது அடுக்குமாடி புளோக்குகளில் குடியிருப்போரே சேர்ந்து அக்கம்பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் குழு, இன்று பெயர் மாறி வசிப்போர் கட்டமைப்பு ஆகிவிட்டது. இளையவர்கள் பலருக்கு அது கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு குளுகுளு அறை, அவ்வளவுதான். அதில் உட்கார்ந்து எங்கள் அப்பா மாதிரி ஆட்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. நோட்டைப் படித்தபிறகுதான் எனக்கே முழுதாகத் தெரிந்தது.

கூட்டக் குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில், கோழி கிளறியது போல இல்லாமல் அழகான சாய்வெழுத்தில் இருக்கின்றன. ஓரத்தில் மட்டும் பென்சிலால் தமிழ். அது தனக்காக எழுதிக்கொண்டது. ஒரு பக்கத்தில் ஆங்கிலக் குறிப்பு, மின்தூக்கி பற்றிப் புகார் வந்ததாக ஒரே வரி. ஓரத்தில் தமிழில்: ‘மூன்றாம் மாடி ஆ மாவுக்கு முட்டி வலி. லிஃப்ட் அங்கே நிற்காது. அரிசி மூட்டையைப் பையன்களிடம் சொல்லி மேலே கொடுக்கணும்.’ அந்தப் பையன்களில் ஒருவன் நான். ஆ மா என்று நாங்கள் கூப்பிட்ட அந்தச் சீனப் பாட்டி ஆரஞ்சுப் பழம் கொடுப்பார்கள் என்பதற்காகவே முண்டியடித்துக்கொண்டு தூக்கிப் போவோம். பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது என்பது இப்போதுள்ள பிள்ளைகளுக்குக் கதை மாதிரி இருக்கும்.

இன்னொரு பக்கம். ஆங்கிலத்தில், கீழ்த்தளத்தைப் பயன்படுத்துவது பற்றிப் பேசப்பட்டது என்று ஒரு வரி. ஓரத்தில்: ‘பக்சிக் வீட்டுக் கல்யாணம் ஞாயிறு. நம்ம ஆள் வீட்டில் சாவு. எடுக்கிறதும் ஞாயிறுதான். இரண்டு வீட்டுக்கும் போய்ப் பேசணும்.’ பக்சிக் என்றால் மலாயில் மாமா, மலாய்க்காரப் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவோம். இது எனக்கே ஞாபகம் இருக்கிறது. ஒரே கீழ்த்தளம். ஒரு கோடியில் பச்சைத் துணி கட்டி நெய்ச்சோறு வெந்துகொண்டிருந்தது. இன்னொரு கோடியில் சவப்பெட்டி. அப்பா முதல்நாள் ராத்திரி இரண்டு வீட்டுக்கும் மாறி மாறிப் போய்வந்தார். ஞாயிறு காலை மாப்பிள்ளை ஊர்வலம் கொம்பாங் என்ற மலாய்க் கைமேளம் அடிக்காமல், பேசாமல் பெட்டியைத் தாண்டிப் போனது. அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் கொம்பாங் சத்தம் கேட்டது. மதியம் பிணம் எடுக்கும்போது பக்சிக் கல்யாண வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து ஓரமாக நின்றார். அம்மா இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஆங்கிலக் குறிப்பில் இதெல்லாம் ஒரு சொல்கூட இல்லை.

இந்தக் குழுக்கள் எப்படி வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு வீடுகள் கட்டும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) 1960இல் தொடங்கியது. அரசின் சமூக அமைப்பான மக்கள் கழகமும் அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதிதான் வந்தது. அடுத்த ஆண்டு மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீயில் பிடித்த தீயில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அதன்பிறகு கம்பம் என்று நாம் சொல்லும் குடிசைக் கிராமங்களிலிருந்து அடுக்குமாடிக்கு ஆட்கள் மாறியது நின்றபாடில்லை. கம்பத்தில் திறந்த கதவோடு இருந்தவர்கள் இங்கே வந்து இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். எதிர்வீட்டில் யார் என்று தெரியாது. இதைச் சரிசெய்யத்தான் 1978இல் வசிப்போர் குழுக்கள் அறிமுகமாயின. 1981இல் போலிஸ் அக்கம்பக்கக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போகும் பழக்கத்துக்கு அப்போதுதான் ஒரு பெயர் கிடைத்தது.

எங்கள் வட்டாரத்துக்குத் தமிழர் கதையும் ஒன்று உண்டு. தங்ளின் ஹால்ட் என்ற பெயரே மலாயா ரயில் நின்ற சிறு நிறுத்தத்தால் வந்தது. தண்டவாள வேலைக்கு வந்த தமிழர்கள் 1932இல் குவீன்ஸ்வே பக்கம் வைத்த சின்னக் கோயில்தான் இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். புதிய கோயிலுக்கு 1998இல் குடமுழுக்கு நடந்தது. என் தாத்தா தண்டவாளத்தில் வேலை செய்தவர். ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இப்போது அந்தப் பாதையில் ஆட்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

அப்புறம் 2014. ஜூன் மாதம் செர்ஸ் அறிவிப்பு வந்தது, பழைய புளோக்குகளை அரசு எடுத்துக்கொண்டு குடியிருப்போருக்கு வேறிடத்தில் புது வீடு தரும் திட்டம் அது. தங்ளின் ஹால்ட்டில் 31 புளோக்குகள், 3,480 வீடுகள். அதுவரை வந்த செர்ஸ் திட்டங்களிலேயே அதுதான் பெரியது. டாசன் பக்கம் புது வீடு, 99 ஆண்டுப் புதுக் குத்தகை. குறை சொல்ல ஒன்றுமில்லை, அம்மாவுக்கு இப்போது மின்தூக்கி வாசலிலேயே நிற்கிறது. ஆனால் 3,480 வீடும் ஒரே நாளில் மாறவில்லை. ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. 2020 பிப்ரவரியில் கிருமித்தொற்று வந்து ஒவ்வொரு வீட்டுக்கும் 4 முகக்கவசம் கொடுத்தார்களே, அதை ஆர்.சி. அறைகளிலும் சமூக மன்றங்களிலும் போய் வாங்கினோமே, அப்போதும் எங்கள் பக்கம் மாறாத ஆட்கள் இருந்தார்கள். வரிசையில் பழைய முகங்களைப் பார்த்தேன். பலரை நான் பார்த்தது அதுதான் கடைசி.

வீட்டுக்கு மதிப்புப் போட்டு இழப்பீடு கொடுத்தார்கள். கடைக்காரர்களுக்கும் ஏதோ ஏற்பாடு இருந்தது. யார் வீட்டில் யாருக்கு என்ன நோய், எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள், எந்த இரண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை இல்லை, யார் சொன்னால் யார் கேட்பார் என்ற முப்பது வருட அறிவு இருந்ததே, அதற்குக் கணக்கு எதுவும் கிடையாது. புது புளோக்கில் புதுக் குழு வருகிறது, நல்ல பிள்ளைகள்தான், ஓடியாடி வேலை செய்கிறார்கள். ஆனால் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். பழைய குழுவில் இருந்தவர்களை உட்காரவைத்து ஒரு நாள் பேசியிருந்தால் பாதி வேலை மிச்சம்.

யாரையும் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மாறும்போது அப்பாவின் நோட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. தூசி, இடமில்லை என்று பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் நாங்கள்தான் தூக்கிக் கொடுத்தோம். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது, தடுக்க ஆளில்லை. இந்த ஒரு நோட்டு துணிமணிக்கு நடுவில் மாட்டிக்கொண்டதால் தப்பித்தது. நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நாம் கோயில் வரலாறு எழுதுகிறோம். தமிழ்ப் பள்ளிகள் வரலாறு, பத்திரிகை வரலாறு, எழுத்தாளர்கள் வரலாறு எல்லாம் எழுதுகிறோம். 2015இல் தொண்டூழியர்கள் கூடி, 50 ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்னிலக்கமாக்கிக் கொடுத்தார்கள். எவ்வளவு பெரிய வேலை! நானும் அதிலிருந்து படித்திருக்கிறேன். ஆனால் தமிழர்கள் சீனரோடும் மலாய்க்காரரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து, உடைந்த ஆங்கிலத்திலும் பாசார் மலாய் என்ற சந்தை மலாயிலும் பேசி ஒரு புளோக்கை நடத்திய வரலாறு எங்கே? அது தமிழ்ச் சங்க வரலாற்றில் வராது, கோயில் மலரிலும் வராது. நம் ஆட்கள் வாழ்ந்ததில் பெரும்பகுதி அங்கேதானே?

ஆர்.சி. என்பது மேலிருந்து வந்த ஏற்பாடு, மக்கள் கழகத்தின் கீழ் இயங்குவது, அதற்கு எதற்கு இவ்வளவு உருக்கம் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். அதில் அரசியல் இருக்கிறது என்றும் சொன்னார். சரி, இருக்கட்டும். மேலிருந்து வந்த சுற்றறிக்கைகள் எங்காவது கோப்பில் பத்திரமாகத்தான் இருக்கும். கொம்பாங்கை நிறுத்தச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. அது அப்பாவும் பக்சிக்கும் அந்த இழவு வீட்டுப் பெரியவரும் நடைபாதையில் நின்று பேசி முடித்தது. அது கோப்பில் இருக்காது. இந்த மாதிரி ஓரக்குறிப்புகளில் மட்டும்தான் இருக்கும்.

அதனால் கேட்கிறேன். உங்கள் வீட்டில் அப்பாவோ அம்மாவோ மாமாவோ ஆர்.சி.யில் இருந்திருந்தால், அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். கூட்டக் குறிப்பு, புளோக் விருந்துப் படம், நன்கொடை ரசீது, சுற்றுலா போன பஸ்ஸின் பெயர்ப் பட்டியல், எதுவாக இருந்தாலும் சரி. கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஆள் உயிரோடு இருந்தால் இன்றே பக்கத்தில் உட்கார்ந்து பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சமூக மன்றத்தில் இருக்கும் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள் தீபாவளி நிகழ்ச்சிக்கு ஒதுக்கும் உழைப்பில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கினால், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சின்னத் தொகுப்பு வந்துவிடும். நான் தங்ளின் ஹால்ட்டுக்குத் தொடங்கிவிட்டேன். நோட்டின் 140 பக்கத்தையும் படமெடுத்தாயிற்று.

கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. ‘சாவி’ என்று தலைப்பு. ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் சாவி கொடுத்துவிட்டுப் போனவர்கள், ஏழு வீடு. சிலவற்றுக்கு எதிரே ‘செடிக்குத் தண்ணி’, ஒன்றுக்கு எதிரே ‘பூனை’. அதில் இரண்டு வீட்டாரை டாசனில் கண்டுபிடித்துவிட்டேன். பூனை வீட்டு அக்கா மலாக்காவுக்கு அடிக்கடி போவார்கள், பத்தாவது மாடி. யாருக்காவது அவர்களைத் தெரிந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.