சாவி என்னுடையதுதான், வண்டி நம்பவில்லை

12 வயதான என் பிக்கப், ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போன மழைநாளில் நடுவழியில் நின்றது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஃபில்டர், ரிலே, சென்சார் என்று மாற்றிமாற்றி, என் காசில் மூன்று பேர் தொழில் பழகினார்கள். நான்காவது மெக்கானிக்தான் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். பெட்டியின் கனெக்டரைக் கழற்றினார். பின்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. எங்கிருந்தோ கசிந்த தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறது.

புதிய பெட்டியின் விலையைக் கேட்டதும் பழைய சாமான் கடைகளுக்கு ஓடினேன். முதலில் கிடைத்தது அச்சு அசலாக அதே பெட்டி. லேபிளில் கடைசி எண் மட்டும் வேறு. ஆகாதாம். அடுத்ததில் எண் பொருந்தியது, ஆனால் வேறு சாவி போட்டால் இன்ஜினைக் கிளம்பவிடாத திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசர் என் சாவியை ஏற்கவில்லை. இத்தனை வருடம் மாதத்தவணை கட்டியவனையே திருடன் என்கிறது! செத்த பெட்டியின் நினைவகத்திலிருந்து தகவலை எடுத்து இதில் ஏற்ற இரண்டு நாள்.

அதோடு விட்டதா? இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு பொறித்திருக்கிறது. அதையும் இந்தப் பெட்டியில் புதிதாகப் பதிய வேண்டுமாம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, டார்ச் அடித்து, அது எட்டா 'பி'யா என்று நானும் மெக்கானிக்கும் அரைமணி நேரம் வாதாடினோம். எட்டு என்றார். 'பி'தான்.

வண்டி ஓடுகிறது. டாஷ்போர்டில் இன்ஜின் கோளாறு காட்டும் மஞ்சள் விளக்கு மட்டும் இன்னும் அணையவில்லை.